அறுபதுக்குப் பிறகு எங்கள் வீட்டில்: ஓய்வு பெற்ற ஒரு நர்ஸின் அனுபவம்

ஒரே வீட்டில் இருந்தாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வயதாவதில்லை. அரசு மருத்துவமனை வார்டுகளில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்த காலத்திலேயே இது ஓரளவு தெரியும். ஆனால் நானும் என் கணவரும் ஓய்வு பெற்று, எண்பது தாண்டிய என் மாமியாரோடு மதுரையில் முழுநேரமும் ஒரே கூரையின் கீழ் இருக்க ஆரம்பித்த பிறகுதான் நன்றாகப் புரிந்தது. ஆணுக்கு ஒரே நாளில் எல்லாம் நின்றுபோகிறது, பெண்ணுக்கு எதுவுமே நிற்பதில்லை. இரண்டுமே கஷ்டம்தான். ஆனால் மருந்து வேறு வேறு. எங்கள் வீட்டிலும் தெருவிலும் பார்த்ததை, எங்களுக்குப் பயன்பட்டதை எழுதுகிறேன், உங்கள் வீட்டுக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். எங்கள் காலத்தில் 58 வயதில் ஓய்வு, 2021-ல்தான் தமிழக அரசு ஊழியர்களுக்கு அது 60 ஆனது. விடிவதற்கு முன் எழுந்து, முதல் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எது லேட், எது பிரேக்டவுன் என்று நாள் முழுக்க நோட்டில் எழுதிக்கொண்டிருந்த மனிதர். மாலை போட்டு, சால்வை போர்த்தி, வேன் வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்து குளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். போக இடம் இல்லை. அடுத்து வந்த மாதங்களில் மருமகள் காபி போடுவது, பேரன் ஸ்கூல் வேனுக்குக் கிளம்புவது, நான் பூஜை அறையில் விளக்கு ஏற்றுவது எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்க ஆரம்பித்தார். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். ஆனால் அவர் பக்கம் நின்று யோசித்தால், மூச்சு விடுவது போல் செய்துகொண்டிருந்த ஒரே காரியத்தை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு, “நிம்மதியா ரெஸ்ட் எடுங்க” என்கிறோம். ரெஸ்ட் என்பது வேலைக்கு நடுவில் வந்தால்தான் ருசி. வேலையே இல்லாதவருக்கு அது என்ன செய்யும்?

எங்கள் மதுரைக்கே இதில் பெரிய உதாரணம் உண்டு. டாக்டர் வெங்கடசாமி 1976-ல், அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகுதான், வெறும் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன மனிதர் அவர், அந்த விரல்களாலேயே அறுவை சிகிச்சை செய்தார். எல்லோரும் அப்படி ஆக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் “இன்னிக்கு இது என் பொறுப்பு, நான் போகலைன்னா நடக்காது” என்று ஒன்றாவது இருந்தாக வேண்டும். என் கணவருக்கு அது ரேஷன் கடை, கரண்ட் பில், அப்புறம் தெருவில் இருக்கும் பெரியவர்களுக்கு நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று எடுத்துக்கொடுக்கும் வேலை என்று அமைந்தது. இப்போது ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டினாலே போதும், கைரேகை தேய்ந்துபோனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா! பேரன் ஒருமுறை சொல்லிக்கொடுத்ததுதான், இவர் பிடித்துக்கொண்டார். இப்போது செல்போனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார், போன இடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டும் வருகிறார். நேரம் பார்க்கும் பழக்கம் தானாகக் குறைந்தது. மகன்களுக்கு நான் சொல்வது, அப்பா ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பே இந்தப் பேச்சை எடுங்கள். சால்வை போட்ட பிறகு ஆரம்பித்தால் அவர் காதில் அது “நீங்க சும்மாதானே இருக்கீங்க” என்றுதான் விழும்.

ஆண்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் வேறு ஒன்று. எங்கள் தெருவில் ஒரு சாரின் மனைவி திடீரென்று இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் ஊருக்குக் கிளம்பியது. மறுநாள் காலையில் அந்த சார் கையில் பால் பாக்கெட்டோடு எங்கள் கேட்டில் நிற்கிறார். “அம்மா, அடுப்பு பத்த மாட்டேங்குது, பாலை மட்டும் காய்ச்சணும்” என்றார். என் கணவர் போய்ப் பார்த்தால் ஊருக்குக் கிளம்பியவர்கள் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். நாற்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் செய்த வீட்டில் அந்த ரெகுலேட்டர் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. இவர் திரும்பி வந்து வெகு நேரம் பேசவே இல்லை. சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்று, “எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடு” என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். புளி எவ்வளவு என்றால் கையை விரித்துக் காட்டி “இவ்வளவு” என்று சொல்லிப் பழகியவர்கள் நாம், அவருக்கு அது பிடிபடவில்லை, நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார். ரசம் தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் நுரை கூடி மேலே வரும்போதே இறக்க வேண்டும் என்பதை அடுப்புக்கு முன்னால் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். குக்கரில் சாதம், ஒரு ரசம், ஒரு துவையல், கோதுமை ரவை உப்புமா, முட்டை வேகவைப்பது, இது போதும். அதோடு வாஷிங் மெஷின் போடுவது, கேஸ் புக் பண்ணுவது, எந்த டப்பாவில் எது இருக்கிறது என்பது. மனைவி இருக்கும்போதே இதைப் பழகிக்கொண்டால் அது ஒரு பொழுதுபோக்கு மாதிரி. அவள் போன பிறகு பழகுவது துக்கத்தோடு சேர்ந்த தண்டனை. வார்டில் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், மனைவியை இழந்த ஆண்கள் ஆறே மாதத்தில் எலும்பும் தோலுமாக வந்து படுப்பார்கள். நோய் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. சாப்பிட்டிருக்க மாட்டார்கள், மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார்கள், மனசு விட்டுப் பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

பெண்கள் கதைக்கு வருகிறேன். இங்கே ஓய்வு என்ற ஒன்றே கிடையாது. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டு வேலையில் எனக்கு முழுநேரப் பணி கிடைத்தது, அதுதான் நடந்தது. பேரப்பிள்ளை பிறந்தால் பாட்டி பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போய் ஆறு மாதம் இருந்து வர வேண்டும், தாத்தா இங்கே தனியாக ஹோட்டல் சாப்பாட்டில் கிடப்பார். எத்தனை வீடுகளில் பார்க்கிறோம். பேரனை வளர்ப்பதில் சந்தோஷம் இல்லையா என்றால் நிச்சயம் இருக்கிறது. ஆனால் முட்டி தேய்ந்த ஒருத்தியைக் கேட்காமலேயே டிக்கெட் போடுகிறார்களே, அது சரியில்லை. எத்தனை மாதம், ஞாயிற்றுக்கிழமை யார் பார்த்துக்கொள்வது, தாத்தாவும் கூட வருவாரா, இதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். மனசுக்குள் வைத்துக்கொண்டு போனால் அங்கே போய் மகளோடு சண்டைதான் வரும்.

அடுத்தது சாப்பாடு. எங்கள் தலைமுறைப் பெண்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர்கள். ரசம் சாதம், மோர் சாதம், ஊறுகாய். முட்டை பிள்ளைகளுக்கு, பருப்பு அவருக்கு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக வலுவிழக்கும், வயது ஏற ஏறத் தசையும் கரையும். இந்த நேரத்தில் புரதமே இல்லாத சாப்பாடு. அப்புறம் ஒருநாள் சும்மா வழுக்கி உட்கார்ந்ததற்கே இடுப்பு எலும்பு முறிகிறது. தினமும் ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ, கெட்டித் தயிரோ கட்டாயம் உள்ளே போக வேண்டும் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு). கூடவே, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவதைக் காலையும் மாலையும் செய்யுங்கள். தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு மேசையோ சுவரோ இருக்கட்டும்.

பெண்கள் ஒருவரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் சிந்துவது. இதற்குப் பயந்து கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்துவார்கள், கோயிலுக்குப் போவதை நிறுத்துவார்கள், வெளியே கிளம்பும் நாளில் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், தொற்று வந்தால் சிந்துவது இன்னும் அதிகமாகும். “முட்டி வலி, வர முடியலை” என்று சொல்லும் பலருக்கு உண்மையில் இதுதான் காரணம். இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கிப் பிடித்து விடும் பயிற்சி இருக்கிறது, அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவிலேயே சொல்லித்தருவார்கள். மருந்தும் உண்டு. வெட்கப்பட ஒன்றுமே இல்லை, பெற்று வளர்த்த உடம்பு அது. ஆண்களுக்கு இதே இடத்தில் புராஸ்டேட் சுரப்பி வீக்கம். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போவார்கள், கேட்டால் “சுகர்தான்” என்று முடித்துவிடுவார்கள். அதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். அதனால் ராத்திரி விழிப்பு வந்ததும் அப்படியே எழுந்து நடக்காமல், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு எழுந்திருங்கள். ராத்திரி விழுந்து வரும் முதியவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன், அந்த ஒரு நிமிடம் பலரைக் காப்பாற்றியிருக்கும்.

பாத்ரூமில் நாங்கள் செய்தது: கம்மோடு பக்கத்தில் ஒரு கைப்பிடி, குளிக்கும் இடத்தில் ஒன்று, வழுக்காத ரப்பர் விரிப்பு, ராத்திரி முழுக்க எரியும் சின்ன பல்பு, தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு. கைப்பிடியைத் துண்டு போடும் ஸ்டாண்டு மாதிரி லேசாக மாட்டக் கூடாது, சுவரில் துளை போட்டு முழு உடம்பு எடையும் தாங்குமாறு பிடிக்க வேண்டும். பெரிய செலவு இல்லை, ஒரு நாள் வேலை.

மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெகு காலம் வரை சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருந்தது. சமையலறையிலிருந்து அவரை ஒதுக்காமல், அதே சமயம் சுடு எண்ணெய்ப் பக்கம் விடாமல் வைத்திருப்பது பெரிய வித்தை. கடைசியில் உட்கார்ந்து செய்கிற வேலையெல்லாம் அத்தையுடையது என்று ஆனது. முருங்கைக்கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, சாயங்காலம் மல்லிகைப்பூ கட்டுவது. என் மருமகள் ஆரம்பத்தில் பாவம் பார்த்து, “பாட்டி, நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்” என்பாள். அந்தப் பிள்ளைக்குப் பாசம்தான், ஆனால் அத்தையின் முகம் சுருங்கிவிடும்.

ஒருநாள் சாயங்காலம் பூ கட்டிக்கொண்டிருந்தவர் என்னை என்றோ இறந்துபோன தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நூலைப் பூவில் சுற்றாமல் தன் விரலிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் “வயசாயிடுச்சுல்ல, புத்தி தடுமாறுது” என்றார்கள். எனக்கு வேறு சந்தேகம். முந்தின நாள் வரை பால் கணக்கு சொன்னவர் ஒரே நாளில் இப்படி ஆக மாட்டார், மறதி நோய் மெதுவாகத்தான் வரும். ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொன்னேன். 135-க்கு மேல் இருக்க வேண்டியது வெகுவாகக் குறைந்திருந்தது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார், யாரோ சொன்னார்கள் என்று உப்பையும் அடியோடு விட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துச் சரிசெய்ததும் பழைய அத்தை திரும்பி வந்தார். இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: வயதானவர் திடீரென்று, மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ, மாறிப் பேச ஆரம்பித்தால் வயதின் மேல் பழி போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சோடியம், சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, தலையில் அடி, பக்கவாதம், எதுவாகவும் இருக்கலாம். இதில் பெரும்பாலானவை நேரத்துக்குப் பார்த்தால் சரியாகக்கூடியவை.

காது கேட்காமல் போவதும் இப்படித்தான் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. என் அண்ணன் நாளாக நாளாகக் கோபக்காரர் ஆனார், பேசினால் பாதியில் எழுந்து போவார், “என்னைப் பத்தித்தானே பேசுறீங்க” என்பார். அண்ணி அழுதுவிட்டார். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனால் முதலில் அழுக்கை எடுத்தார்கள், பிறகு ஆடியோகிராம் எடுத்தார்கள், கேட்கும் திறன் பாதிக்கு மேல் போயிருந்தது. பெண்கள், குழந்தைகள் குரல்தான் முதலில் காதில் விழாமல் போகும், அதனால்தான் அண்ணி பேசினால் கேட்கவில்லை, நண்பர்கள் பேசினால் கேட்டிருக்கிறது. கருவி மாட்டிய முதல் மாதம் மிக்சி சத்தமும் தட்டு விழும் சத்தமும் தாங்க முடியாமல் கழற்றிப் போட்டார். எல்லோரும் அப்படித்தான் கழற்றிப் போடுவார்கள், மூளை பழக நாளாகும். வீட்டுக்குள் அமைதியான நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாட்டிப் பழக்கினார் அண்ணி. அண்ணனிடம் பேசும்போது கத்த வேண்டாம், டிவியை நிறுத்திவிட்டு முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசினால் போதும்.

பண விஷயத்தில் ஆணுக்கு ஒரு பாடம், பெண்ணுக்கு ஒரு பாடம். என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே ஏ.டி.எம். கார்டைக் கணவரிடம் கொடுத்துவிட்டு அதன் ரகசிய எண்கூடத் தெரியாமல் இருந்தவர்கள் உண்டு. பென்ஷன் வாங்கும் கணவர் உள்ள பெண்கள் ஓய்வூதிய ஆணையை எடுத்து, அதில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அவர் இருக்கும்போது திருத்துவது ஒரு மனு, அவர் போன பிறகு திருத்துவது அலைச்சல். போஸ்ட் ஆபீசிலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, 60 வயதுக்கு மேல் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கணக்கில் வந்துவிடும். மனைவி பெயரில் தனியாக ஒரு கணக்கு இருக்கட்டும். கையில் தன் காசு இருக்கும் பெண்ணின் நடையே வேறாக இருக்கும்.

ஆண்களுக்கு: பாசத்தில் வீட்டை எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். உயில் எழுதுங்கள், உங்கள் காலத்துக்குப் பிறகு போகட்டும். செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே வீட்டை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதியே ஆக வேண்டும் என்றால், கடைசிவரை எங்களை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டு வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில், பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய வழி இருக்கிறது. ஆனால் அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும். வருவாய்க் கோட்டாட்சியரிடம்தான் மனு கொடுக்க வேண்டும். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் பேசலாம், காசு கிடையாது. மகன் நல்லவன்தான், இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். மகன் நல்லவனாக இருந்தால் அந்த வரி அவனை ஒன்றும் செய்யப்போவதில்லை.

இவ்வளவும் பென்ஷன் வரும் வீட்டுக் கதை. எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், ஓய்வாவது ஒன்றாவது. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறது, 2023-ல்தான் அந்த 200 கூடியது. பிரஷர் மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது, முன்பெல்லாம் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பதற்கு ஒரு நாள் வியாபாரம் போகும் என்பதால் சாப்பிடாமலே விட்டுவிடுவார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அப்படி மாத்திரை விட்டு, பக்கவாதம் வந்து படுத்தவர்களைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறேன். அதனால் இந்தத் திட்டத்தின் மேல் எனக்குத் தனி மதிப்பு. அந்த அம்மாவிடம் நான் கீரைக்குப் பேரம் பேசுவதில்லை.

வெளியே போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்றானதும் எங்கள் வயதுப் பெண்களிடம் வந்த மாற்றத்தை நான் கண்ணால் பார்த்தேன். யாரிடமும் பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டாம், “எங்க போற” என்ற கேள்விக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம். தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து திருப்பரங்குன்றம், அழகர்கோயில் என்று கிளம்ப ஆரம்பித்தோம். நடப்பது, படி ஏறுவது, வெயில் படுவது, பேசுவது எல்லாம் அதிலேயே அடக்கம். போகும் வழியில் ஒருத்திக்கு மருமகள் பிரச்சினை, ஒருத்திக்கு முட்டி, ஒருத்திக்குத் தூக்கம் வரவில்லை, எல்லாம் பேசி முடித்துவிடுவோம். ஆண்களுக்கு இப்படிப் பேசத் தெரிவதில்லை, டீக்கடையில் அரசியல் பேசுவார்கள், தன்னைப் பற்றிப் பேச மாட்டார்கள். மனைவியை இழந்த அந்த சாரை முதல்முறை எங்களோடு அழைத்ததே என் கணவர்தான். இப்போது ஆண்களும் நாலைந்து பேர் வருகிறார்கள், டிக்கெட் எடுத்துக்கொண்டு. அந்த சார் வீட்டிலிருந்தே எல்லோருக்கும் புளியோதரை செய்து எடுத்து வருகிறார், உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று போன தடவை சொல்லியிருக்கிறோம்.

மதுரைக்காரர்கள் யாராவது இப்படிக் கிளம்புவதாக இருந்தால், செவ்வாய், வெள்ளி, கிருத்திகை வேண்டாம், திருப்பரங்குன்றத்தில் கூட்டம் தாங்காது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேல், ஆபீஸ் கூட்டமும் ஸ்கூல் பிள்ளைகளும் போன பிறகு ஏறினால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும். தண்ணீர் பாட்டிலும் மதிய மாத்திரையும் பையில் இருக்கட்டும்.